பைக்கில் வந்துகொண்டிருக்கிறான்

— கிர்கிஸ்தானா? அத எப்புடிடா அரசு நான் வாயில நொழைச்சி சொல்லுவேன்? தில்லைநாதன் மாமா கேட்டா சட்டுனு சொல்ற மாதிரி லேசா ஒரு ஊரு சொல்லு.

— பவானிக்கா, ஊரு பேர நானா வைக்க முடியும்? ஜெர்மனிலேந்து பைக்ல வந்தா துருக்கி, ஜார்ஜியா, ரஷ்யா, கசகஸ்தான், அதுக்கப்பறம் அதான் வருது. மேப்ப பாரு.

— பாகிஸ்தான் வழியா வந்தா கிட்டக்கதானே இருக்குது? போன மாசம் நான் அப்புடித்தான் சொல்லி வச்சிருக்கேன்.

— பாகிஸ்தான் பார்டர்ல வாகா கேட்ட மூடிட்டாங்கக்கா. நியூஸ் பாக்குறவன் ஒருத்தன் கேட்டா போதும், மாட்டிக்குவ.

— பெரியப்பா மவன் ராஜாமணி கேப்பான். அவன் சும்மாவே போன நோண்டிகிட்டு கெடக்குறவன். சரி, சைனா வழியா வச்சிக்குவோம். அது எத்தினி நாளு?

— சைனாவுல வெளிநாட்டு வண்டிய தனியா விடமாட்டான். கைடு ஒருத்தன் கூடவே வரணும்.

— தனியா வரான், தனியா வரான்னுதானேடா ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன்! இப்ப கூட ஒரு சைனாக்காரன சேத்துக்கச் சொல்றியா?

— அதான் சொல்றேன், இது சரிப்பட்டு வராதுக்கா.

— சரிப்படுத்தணும்டா. தெரியுதா? கணக்குப் பாரு. ஆவணில அப்பா செத்தப்ப நீ துருக்கில, பாலைவனத்துல, டவரு இல்லாம கெடந்த. இப்ப ஐப்பசி முடியப்போவுது. மூணு மாசமா ஒருத்தன் பைக்க ஓட்டிகிட்டே இருக்கான், இன்னும் வந்தபாடில்லன்னா எவன் நம்புவான்?

— துருக்கில அந்த மாதிரி பாலைவனமே கெடையாது.

— எனக்கு எப்புடிடா தெரியும்? அப்பாவ நடு வூட்ல கெடத்தியிருக்கு. வாசல்ல ஷாமியானா போட்டு அறுவது பேரு ஒக்காந்திருக்காங்க. ஒவ்வொருத்தரும் உள்ள வந்து அழுதுட்டு, மூக்க சிந்திட்டு, அடுத்த கேள்வி, 'புள்ள எங்க, எப்ப வரான்?' நான் இன்னா சொல்றது? பாஸ்போர்ட்டு ஆபீசுல மாட்டிகிச்சுன்னு நீ சொன்னத அப்புடியே சொல்லவா?

— நான் சொன்னத சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருந்தா காறித் துப்பியிருப்பாங்க. 'ஒரே புள்ள, ஜெர்மனில சொகுசா இருந்துகிட்டு அப்பன் சாவுக்கு வரலியா'ன்னு. பைக்ல வந்துகிட்டு இருக்கான், வழியில எங்கியோ இருக்கான், தகவலே குடுக்க முடியலன்னு சொன்னேன் பாரு, எல்லாரும் 'ஐயோ பாவம்'னாங்க. உன்ன பாவம்னாங்கடா. அந்த நேரத்துக்கு எனக்கு அதான் வேணும்னு இருந்துச்சி. ராஜாமணி கொள்ளிச்சட்டி தூக்குனான். நான் பாத்துகிட்டு நின்னேன்.

— தெரியும்க்கா.

— உனக்கு இன்னா தெரியும்? சரி விடு. இப்ப நான் சொல்றத கேளு. நீ டெல்லி வரைக்கும் பிளைட்ல வா. யார்ட்டயும் மூச்சு விடாத. அங்க ஒரு வண்டிய பிடி. பத்து நாளு வெயில்ல ஓட்டிகிட்டு வா. கறுத்துப் போயிடுவ, தாடியும் வந்துடும். நம்ம செதம்பரம் மார்கழித் தேருக்குள்ள வந்துடுவான்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்.

— நம்பர் பிளேட்டு டெல்லி நம்பரா இருக்குமே.

— அத மாத்திக்க.

— யக்கா! அது கேஸாயிடும்.

— அப்ப உன் வண்டியவே கப்பல்ல அனுப்பு. வாங்குன அன்னிக்கு போட்டோ அனுப்புனியே, ஆரஞ்சு கலர்ல, ரெண்டு பக்கமும் பொட்டி வச்சி. அப்பா அத கலர் பிரிண்ட் எடுத்து டிவி மேல மாட்டி வச்சிருந்தாரு. துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாம் அத பாத்துட்டுத்தான் போனாங்க. அந்த வண்டிதான் வரணும். வேற வண்டில வந்தா ஆவாது.

— அது முடியாது.

— ஏன் முடியாது? இப்பதான் எது வேணும்னாலும் கப்பல்ல வருதே.

— வித்துட்டேன்.

— எப்ப?

— போன வருஷம்.

— போன வருஷமா? வித்துட்டுத்தானா அப்பாகிட்ட வண்டிக்கு டயர் மாத்துறேன், எண்ணெய் மாத்துறேன்னு பேசிகிட்டு இருந்த? ஏண்டா, அப்பறம் பயணமே கெடையாதா? நான்தான் பொய் சொல்றேன்னு நெனச்சி மூணு மாசமா ராத்திரி தூக்கம் இல்லாம கெடக்குறேன். நீ நெசமாவே ஒரு நாள் கெளம்புவ, அப்ப என் பொய்யும் நெசமாயிடும்னு நெனச்சேனே.

— அக்கா, மெதுவா பேசு. அம்மா இருக்குதா பக்கத்துல?

— பின்னாடி துணி அலசுது. பேச்ச மாத்தாத. சொல்லு, கேக்குறேன்.

— பிளான் நெசம்தான்க்கா. அத மட்டும் நம்பு. அங்க இருந்தப்ப ஒரு வருஷம் ஒக்காந்து போட்டேன். எந்தெந்த நாட்டுக்கு விசா, எந்த மாசம் எந்த மலையில பனி, வண்டிக்குன்னு தனியா பாஸ்போர்ட் மாதிரி ஒரு புக்கு குடுப்பாங்க, அதுக்குக் கூட எழுதிப் போட்டேன். அப்பாகிட்ட சொன்னப்ப அவுரு கொழந்த மாதிரி சிரிச்சாரு. 'முப்பது வருஷம் கடலூருக்கும் செதம்பரத்துக்கும் பஸ்ஸ ஓட்டுனேன், நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல நான் எங்கடா போனேன், நீ போடா'ன்னாரு. அப்பறம்தான் வேல போச்சி.

— வேல போச்சா?

— எங்க டீமையே மூடிட்டாங்க. வேற வேல தேட ஆறு மாசம் டைம் குடுத்தாங்க. கெடைக்கல. வண்டிய வித்துட்டேன்.

— இத ஏன்டா எங்ககிட்ட சொல்லல? நாங்க இன்னா உன்ன தூக்குலயா போட்டிருப்போம்? சரி, அப்ப இப்ப அங்க எப்புடி இருக்க? விசா இல்லாம... இரு. பின்னாடி யாரு அது கத்துறது?

— யாரும் இல்லக்கா. டிவி.

— வடலூரு, நெய்வேலி, விருத்தாசலம்னு கூவுறான். எந்த டிவிலடா கண்டக்டரு கூவுறான்?

— அக்கா...

— மறுபடியும் கூவுறான். அரசு, நீ எங்க இருக்க?

— கடலூரு பஸ் ஸ்டாண்டுல.

— எப்ப வந்த? இன்னிக்கா? சொல்லியிருந்தா ஏர்போர்ட்டுக்கே...

— போன கார்த்திகைல வந்தேன்.

— போன கார்த்திகையா? ஒரு வருஷமா?

— செம்மங்குப்பம் சிப்காட்டுல ஒரு கெமிக்கல் கம்பெனில, ஸ்டோர்ஸ்ல இருக்கேன். கான்ட்ராக்ட்டு. ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். வாட்சப்புல மட்டும் பழைய ஜெர்மனி நம்பர வச்சிருக்கேன்.

— கடலூர்ல இருந்துகிட்டா நீ அப்பா சாவுக்கு வரல?

— வந்தேன்க்கா.

— வாய மூடு. எங்க வந்த? நான் வாசலையே பாத்துகிட்டு இருந்தேன்.

— நீ காலைல போன் பண்ண ஒடனே கம்பெனி யூனிபார்மோட பஸ் ஏறிட்டேன். முட்லூர் வரைக்கும் வந்துட்டேன். அங்க வர்றப்பதான் தோணுச்சி, ஜெர்மனில இருக்குறவன் எப்புடி ரெண்டு மணி நேரத்துல வந்தான்னு கேப்பாங்களேன்னு. அத்தினி பேரும் அப்பாவ விட்டுட்டு என்னத்தான் பாப்பாங்க. அவுரு கெடக்குற எடத்துல நின்னு என் பவுசு கிழியணுமான்னு நெனச்சேன். எறங்கிட்டேன். அடுத்த பஸ்ல போவலாம், அடுத்த பஸ்ல போவலாம்னு ரோட்டோரமா நின்னேன். சாயந்தரம் அஞ்சு மணிக்கு நீ மெசேஜ் போட்ட, எடுத்துட்டாங்கன்னு. எதிர்ப்பக்கம் போயி கடலூரு பஸ்ல ஏறிட்டேன்.

— இருபது நிமிஷம்டா. முட்லூர்லேந்து நம்ம வூடு இருபது நிமிஷம்.

— திட்டுக்கா.

— திட்டுறதா? உன் மானத்த காப்பாத்துறேன்னு நான் துருக்கியும் பாலைவனமும் சொல்லிகிட்டு நிக்கிறேன், நீ முட்லூர்ல நிக்கிற. மாமா பிளெக்ஸுக்கு உன் போட்டோ கேட்டாருடா. கெடிலம் பாலத்துலேந்து நாப்பது பைக்கு ஊர்வலமா கூட்டிகிட்டு வரப் போறாங்களாம். நான் அவுங்க மூஞ்சில எப்புடிடா முழிப்பேன்?

— அத விட அப்பாகிட்ட பேசுனதுதான்க்கா என்னைக் கொல்லுது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவாரு. 'இந்த வாரம் எந்த நாட்டுக்கு விசா வந்துது, அந்த மலையில டீசல் கெடைக்குமா பெட்ரோல் கெடைக்குமா, பிரேக்க எறக்கத்துல மெதிக்காத, கியர்ல எறக்கு'ன்னுவாரு. நான் இங்க ரூம்ல, பாயில படுத்துகிட்டு, ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுவேன். அவுரு கேக்கக் கேக்க நான் பொய்ய நீட்டிகிட்டே போனேன். வெவரம் தெரியாத மனுஷன ஏமாத்துன மாதிரி... ஹலோ? அக்கா? இருக்கியா?

— அம்மாடா.

— அம்மாவா? அக்காகிட்ட குடும்மா.

— அவ அழுவுறா. ஒக்காந்துட்டா. நான்தான் போன புடுங்கினேன். சாப்ட்டியா சாமி?

— எவ்வளவு நேரமாம்மா கேட்டுகிட்டு இருந்த?

— பவானி ஸ்பீக்கர்ல போட்டுத்தான் எப்பவும் பேசுவா. கொழாய மூடிட்டு வந்துட்டேன். அது கெடக்கட்டும், அந்த கம்பெனில மூக்குல துணி கட்டிகிட்டு வேல பாக்குறியா? இருமல் கிருமல் இருக்குதா?

— உனக்கு கோவம் வரலியாம்மா?

— எனக்கு இதெல்லாம் புதுசு இல்லப்பா. சித்திரை மாசத்துலயே தெரியும். அப்பா கண்ணு காட்ட கடலூரு போனாரே, அன்னிக்கு வந்து சொன்னாரு.

— அப்பாவா? இன்னா சொன்னாரு?

— நீ சிப்காட்டு ஸ்டாப்பிங்ல நின்னியாம். நீலச் சட்ட, கையில சாப்பாட்டுப் பை. பஸ் ஜன்னல்லேந்து பாத்திருக்காரு. எறங்கிட்டாராம். ரோட்டுக்கு இந்தப் பக்கமா லாரிக்குப் பின்னால நின்னு, நீ கம்பெனி வண்டில ஏறுற வரைக்கும் பாத்துட்டு வந்தாரு. மறுவாரமும் போனாரு. கண்ணு காட்டுறேன்னுதான் எங்கிட்டயும் சொல்லிட்டுப் போனாரு, அன்னிக்கு ஆஸ்பத்திரி லீவு.

— ஒரு சத்தம் போட்டுக் கூப்புட்டிருக்கலாமேம்மா.

— கூப்புட்டா நீ குறுகிப் போயி இந்த ஜில்லாவையே விட்டு ஓடிடுவன்னு பயந்தாரு. பவானிகிட்ட கூட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகிட்டாரு.

— எல்லாம் தெரிஞ்சுகிட்டேவா அப்பறமும் வாரா வாரம் போன் பண்ணி எந்த மலை, எந்த ரோடுன்னு எங்கிட்ட வழி கேட்டாரு?

— நானும் அதத்தான் கேட்டேன் சாமி. 'அந்த ஒரு மணி நேரமாவது புள்ள தல நிமுந்து பேசட்டும்டி'ன்னாரு.