பகலில் தெரியாத தீ

எங்கள் வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பது எப்போதும் என் மனைவிதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தீ என்றால் ஆகாது. அப்படிப்பட்டவனைத்தான் எண்ணெய் ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வைக்கு வைத்தார்கள். பயப்படுகிறவன்தானே ஐயா ஜாக்கிரதையாக இருப்பான்.

எண்ணெயைக் கெட்டியாக்க எங்களுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கசிந்தால் ஒரு சின்னப் பொறி போதும். சில சமயம் அதுகூட வேண்டாம். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியாது, புகை வராது, கிட்டத்தில் போகும்வரை அனலும் உறைக்காது. அதனால் குழாய்ப் பக்கம் போகிறவர் ஒரு துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போக வேண்டும்.

போன மழைக்காலத்தில் அப்படிப் போனபோது என் துடைப்பத்தின் நுனி திடீரென்று எரிந்தது. எதிரே வெறும் காற்று. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் என் முகம். அதிலிருந்து, வீட்டில் கூடத்தைத் தாண்டும்போதுகூடக் கையை முன்னால் நீட்டித்தான் நடந்தேன்.

துடைப்பமில்லாமல் யாரும் அங்கே போகக் கூடாது என்று ஆலையில் சொன்னேன். சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். "பெருக்கத்தான் ஆள் இருக்கே மாமா, நமக்கு எதுக்கு?" என்பான். 'துடைப்ப மாமா' என்று எனக்குப் பட்டம் வைத்ததும் அவன்தான். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் பயமே இல்லாத ஒருத்தன் பக்கத்தில் நின்று வேலை செய்வது எவ்வளவு பயங்கரம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரே ஒரு தடவை அவன் பயந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். உச்சி வெயிலில் ஹைட்ரஜன் குழாயில் ஓர் இணைப்பைத் தளர்த்தினேன். பற்றிக்கொண்டதைத் துடைப்பத்தை நீட்டி உறுதிசெய்துகொண்டேன். பிறகு அவனைக் கூப்பிட்டு, அதற்குப் பக்கத்திலிருந்த வால்வை மூடிவிட்டு வரச் சொன்னேன்.

கிளம்பியவன் திரும்பினான். என் முகத்தில் என்ன பார்த்தானோ.

"மாமா, அந்தத் துடைப்பத்தைக் குடுங்க."

சிரிக்கவில்லை. அவன் பயந்துவிட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கருகிய நுனியைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "வேணாம் மாப்ள, இப்பதான் பாத்துட்டு வந்தேன். சும்மா போ."

சட்டைதான் முதலில் பற்றியது. எதிலிருந்து விலகுவது என்று அவனுக்குப் புரியவில்லை. தீ இருந்த பக்கமே ஓடினான்.

இப்போது ஒருவரும் வெறுங்கையோடு அங்கே போவதில்லை. என் மனைவிதான் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்குப் போனது ஒரு தம்பி. நான் காப்பாற்றியது ஓர் ஆலையையே. அதை யாராவது அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஐயா.