வலது வளைவில் எண்ணெய் எங்கே போனது? ஜெசிந்தா ஆண்டனிக்கு அஞ்சலி

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். மேடையேறும் முன் எண்ணினேன்: நூற்று நாற்பத்து மூன்று பேர்.

மேடையில் வீற்றிருக்கும் மோட்டார் பந்தயச் சங்கச் செயலாளர் அக்பர் பாஷா அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் ஆண்டனி அண்ணன் அவர்களே, சாந்தோம் குப்பத்து உறவுகளே, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைத் தோழர்களே, வணக்கம்.

நான் அங்கமுத்து. பந்தயக் கார் ஓடும்போது பதிவாகும் அளவுகளைப் படிக்கும் இன்ஜினியர். எனக்கு மேடைப் பேச்சு வராது. அழவும் நான் வரவில்லை. எங்கள் அணியின் இன்ஜின் பிரிவுத் தலைவி ஜெசிந்தா ஆண்டனி வென்றுவிட்டார் என்று அறிவிக்க வந்திருக்கிறேன்!

பாக்ஸர் இன்ஜின் என்றால் காலரைத் தூக்கிவிடுகிறவர்கள் இங்கே பலர். சிலிண்டர்கள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும், எடை தரையோடு தாழ்ந்திருக்கும், வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும். உண்மை. மீதி உண்மையை யார் சொன்னது? ஜெசிந்தா அக்கா சொன்னார்! அகலம் அதிகம், முன்சக்கரம் திரும்ப இடமில்லை என்றார். சிலிண்டரை மூடும் ஹெட் இரண்டு, இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் இரண்டு, ஒழுகும் இடமும் இரண்டு மடங்கு என்றார். தி. நகரிலிருந்து பாக்ஸர் கார் வைத்திருக்கும் ஒருவர் வந்து, "நாலு ஸ்பார்க் பிளக் மாத்த ரெண்டு நாளா?" என்று எகிறினார். "இன்ஜின் படுத்துக்கினு கீது சார். பக்கத்துல செவுரு மாதிரி பாடி கீது. கைய எங்க உடறதுன்னு நீயே உட்டுக் காட்டு" என்றார் அக்கா. அவர் விட்டார். கை மாட்டிக்கொண்டது.

ஜூன் 22 பந்தயத்துக்கு வருகிறேன். ஒன்பதாவது சுற்று, நீளமான வலது வளைவு, எங்கள் இன்ஜின் உடைந்தது. ஓட்டியவர் தபஸ்ஸும், அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். "பதறிப்போயி தப்பு கியர் போட்டுச்சு மச்சி" என்று தடத்தோரப் பட்டறையான பிட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. தப்பு கியரால் இன்ஜின் நிமிடத்துக்கு 6,900 சுற்றிலிருந்து 8,300-க்குத் தாவியது, ஓட்டுநர் பிழை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதை நம்பித்தான் சங்கம் தபஸ்ஸுமின் உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. இறுதி விசாரணை வரும் வியாழக்கிழமை. தீர்ப்பு எதிரானால் அவருக்கு ஓராண்டுத் தடை.

அக்கா என் தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னா நைனா, கண்ணு சிமிட்டறதுக்குள்ள ஆயிரத்து நானூறு ஏறிச்சா? இது இன்ஜினா, ராக்கெட்டா?"

நியாயமான கேள்வி அல்லவா? எந்த இன்ஜின் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் அப்படி ஏறும்? எண்ணெய் அழுத்தம் அதற்கு ஒரு நொடி முன்பே விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. எண்ணெய் கிடைக்காமல் பேரிங் போய் ஆடிய கிராங்க் தண்டு, சுற்றை எண்ணும் சென்சாரை ஏமாற்றியது. சென்சார் என்னை ஏமாற்றியது. நான் சங்கத்தை ஏமாற்றினேன்.

எண்ணெய் எங்கே போனது? ஆகஸ்ட் 8 அன்று அக்கா காட்டினார். அதே மாதிரி இன்ஜின் ஒன்றின் இடப்பக்க மூடியைக் கழற்றி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை மாட்டினார். வளைவின் இழுப்புக்குச் சமமாகக் கிரேனில் இடப்பக்கம் நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து, சூடான எண்ணெய் ஊற்றி, மோட்டாரால் பம்பைச் சுழற்றினார். வலது வளைவில் எண்ணெய் இடப்பக்கம் ஒதுங்கும், இல்லையா? ஒதுங்கியது. ஒன்பதே நொடியில் இடப்பக்க ஹெட் நிரம்பியது. திரும்பி வர வழியில்லை. கீழே பம்ப் வெறும் காற்றைக் குடித்தது. இன்ஜின் படுத்திருப்பதன் விலை அது! கியரும் இல்லை, பதற்றமும் இல்லை!

"இந்த முடிவுல கையெழுத்துப் போடு நைனா. அந்தப் பொண்ணு வூட்ல குந்திக்கினு கீது."

"இன்னொரு வாட்டி செக் பண்ணிடறேன்க்கா."

"நாலு வாட்டி பண்ணு. எண்ணெ வேற எங்கயும் போவாது."

இரண்டாம் நாள் காலை அக்காவுக்கு மாரடைப்பு, போய்விட்டார். நாற்பத்து நான்கு வயது.

நான்கு முறை சோதித்துவிட்டேன். ஒன்பது நொடி, ஒன்பது நொடி, எட்டரை, ஒன்பது. ஜெசிந்தா அக்கா சொன்னதே சரி! நான் எழுதியது தவறு! இதை நூற்று நாற்பத்து மூன்று பேர் முன்னால் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு வாரம் முன்பே சொல்லாததில்தான் வெட்கம்.

அக்பர் பாஷா ஐயா, தலையாட்டுகிறீர்கள். நன்றி. தலையாட்டல் போதாது, தேதியிட்ட உத்தரவு வேண்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை பத்து மணிக்குத் தேனாம்பேட்டைச் சங்க அலுவலகத்தில் என் அறிக்கையைத் திரும்பப் பெற்று, அக்காவின் சோதனை முடிவில் கையெழுத்திடுவேன்.

2. வியாழக்கிழமை இன்ஜினையும் கிரேனையும் விசாரணைக்கே கொண்டு வருவேன். தரையில் எண்ணெய் சிந்தினால் நானே துடைப்பேன்.

3. அக்கா வரைந்து வைத்தபடி, ஒதுங்கும் எண்ணெயை உறிஞ்சித் திருப்பி அனுப்பத் தனி பம்ப் பொருத்துவேன்.

4. தபஸ்ஸும், அடுத்த பந்தயத்தில் அந்த வலது வளைவில் நீ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே. முழுசா அழுத்து. எண்ணெயை நான் பார்த்துக்கொள்கிறேன்.