எட்டாவது பட்டர்

— உலகத்துல பிறக்கிற ஒவ்வொரு மனுசனுக்கும் ஒரே ஒரு பட்டர்தான் விதிக்கப்பட்டிருக்கு. அது கைக்கு வந்து சேர்ற வரைக்கும் அவன் எறியுறது எல்லாம் வெறும் ஒத்திகை. இதை நான் ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்றேன், அக்கா.

— பவன், கூரைத் தண்ணி உன் பை மேல சொட்டுது. மொதல்ல அதை உள்ள தள்ளு.

— பேச்சை மாத்தாத.

— மாத்தலடா. இந்தத் தகரக் கொட்டாய்ல வந்து ஒதுங்கி இருவது நிமிசமாச்சு. மின்னல் நின்னு ஹார்ன் அடிச்சதும் உனக்கு ஒரே ஒரு எறி. ஒம்போது மீட்டர். தட்டு கூடையில விழுந்தா மலாக்கா மாநில ஜோடி நாம. விழாட்டி நகுலனும் நிரஞ்சனியும். இந்த நேரத்துல உனக்குத் தத்துவம்.

— தத்துவம் இல்ல, தளவாடம். டிஸ்க் கோல்ஃப்ல சங்கிலிக் கூடையில போடுற கடைசித் தட்டுக்குப் பேரு பட்டர். அது சரியில்லைன்னா முன்னாடி எறிஞ்ச எறியெல்லாம் செம்பனைக்குப் போட்ட உரம்.

— அதான் ஏழு வாங்கி வச்சிருக்கியே.

— ஏழும் விண்ணப்பதாரர்கள். ஒருத்தருக்கும் வேலை நிரந்தரமாகல. செவப்பு இறுக்கம், கையை விட்டுக் கிளம்ப மாட்டேங்குது. வெள்ளை கொழகொழன்னு நேத்து வச்ச கஞ்சி மாதிரி. மஞ்சள் நல்லவன்தான், ஆனா அவன் விளிம்புல ஒரு மேடு இருக்கு. என் சுண்டு விரலுக்கு ஒத்து வரல.

— சுண்டு விரல் தனியா வந்து சொல்லுச்சா?

— எழுத்து மூலமா. மத்த நாலைப் பத்திப் பேச வேணாம், குடும்ப விசயம்.

— என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான்டா இருக்கு. இந்த ஊதா. நாலு வருசமா இதைத்தான் எறியுறேன். விளிம்பெல்லாம் செம்பனை மரத்துல தேஞ்சு சொரசொரன்னு ஆயிருச்சு. இருந்தாலும் விழுது.

— விழுதுதான். ஆனா எறியுறதுக்கு முன்னாடி நீ அதுகிட்டப் பேசுற.

— பேசினா என்னவாம்?

— 'போயிட்டு வாம்மா'. நான் கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும். மலர்விழின்னு பேரு, எஞ்சினியர்னு படிப்பு, பிளாஸ்டிக் தட்டைப் பொண்ணை அனுப்புற மாதிரி அனுப்பி வைக்கிற. நகுலன் அங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான், அவமானம் எனக்கு.

— யாரு கிளம்பினாலும் 'போ'ன்னு சொல்லக் கூடாதுடா. அம்மா பாசாருக்கு மீன் வாங்கப் போனாலே 'போறேன்'னு சொல்வாங்களா? 'போயிட்டு வரேன்'னுதான் சொல்வாங்க.

— அம்மா பாசாருக்குப் போயிட்டுத் திரும்பி வரணும், சரி. தட்டு எதுக்கு வரணும்? கூடைக்குப் போன தட்டு திரும்பி வந்தா அதுக்குப் பேரு தோல்வி. சங்கிலியில பட்டு வெளியே வந்து விழும். நீ வேற அதை வாயால கேட்டு வாங்குற. 'போ, உள்ளயே கிட'ன்னு சொல்லணும், சொன்னா. நான் எதுவுமே சொல்ல மாட்டேன். எனக்குப் பௌதிகம் போதும்.

— உன் பௌதிகம்தான் அஞ்சாவது கூடையில மரத்துல போய் மாட்டுச்சு.

— காத்து. அது இயற்கை. நான் மனுசங்களைத்தான் எதிர்ப்பேன்.

— தம்பி, பிள்ளை, ரெண்டு பேரும் ஒருக்கா கேளுங்கோ.

— சொல்லுங்க கணேஸ்வரன் அங்கிள்.

— மின்னல் தஞ்சோங் கிளிங் பக்கம் விலகுது. இன்னும் பத்து நிமிசத்திலை ஹோர்ன் அடிப்பன். அடிச்ச பிறகு நீர் உம்மட குறியிலை போய் நிக்க வேணும் தம்பி. நிண்டதிலை இருந்து முப்பது செக்கன். முப்பத்தொண்டு எண்டா பிழையெண்டு எழுதிப் போடுவன். விளங்குதோ?

— விளங்குது அங்கிள். நடுவர்னா இப்படித்தான் இருக்கணும்.

— புகழ்ச்சிக்கு மேலதிக செக்கன் இல்லை.

— போயிட்டாரு. இப்பச் சொல்லு பவன், ஏழுல எது?

— ஏழுல ஒண்ணும் இல்ல. எட்டாவது.

— எட்டாவது எங்கடா இருக்கு?

— இந்தப் பையோட அடியில. நியூஸ் பேப்பர் சுத்தி, பிளாஸ்டிக் கட்டி. ராமாத்தா அத்தை சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்தது.

— அத்தை வந்தது என்னை வழியனுப்ப.

— உன்னை வழியனுப்பவும் வந்தாங்க. போன வாரமே மெசேஜ் போட்டேன். 'அத்தை, வரும்போது எனக்கு ஒரு நல்ல பட்டர் வாங்கிட்டு வாங்க. விலை பார்க்காதீங்க. மென்மையா இருக்கணும், ஆனா கையில உருகிடக் கூடாது.' கல்லூரி தமிழ் மன்றச் செயலாளர் நான், இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்க மாட்டேன். சுத்தமான தமிழ் எழுத்து. ஒத்தைப் பிழை கிடையாது.

— பட்டருக்கு மட்டும் தமிழ் கிடைக்கலையா?

— மூணு கூட்டம் போட்டோம். 'இறுதித்தட்டு'ன்னு ஒரு அணி, 'முடிதட்டு'ன்னு ஒரு அணி. ரெண்டு அணியும் இப்பப் பேசிக்கிறதில்ல.

— பார்சலைப் பிரிச்சுப் பார்த்தியா?

— சீ. முகூர்த்தத்துக்கு முன்னாடி பொண்ணைப் பார்க்கிற மாதிரி இருக்கும். தடவிப் பார்த்தேன். வட்டம். விளிம்பு கையில தட்டுப்பட்டுச்சு. கொஞ்சம் கனம்தான். கனமான பட்டர் காத்துக்கு அசையாதுன்னு எடுத்துக்கிட்டேன். அத்தை எவ்வளவு அக்கறைன்னா, ராத்திரி பூரா ஃபிரிஜ்ஜுல வச்சிருந்தாங்க.

— ஃபிரிஜ்ஜுலயா?

— பிளாஸ்டிக் இறுகும். நல்லது.

— டேய்.

— என்ன 'டேய்'?

— ஒண்ணுமில்ல. நீ பேசு. ஆறு மணி பஸ்ஸுக்கு மலாக்கா சென்ட்ரலுக்கு வருவியா, மாட்டியா? அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு.

— வர மாட்டேன்.

— ஏன்?

— கொள்கை. நான் யாரையும் வழியனுப்புறதில்ல. நம்ம தினேஷ்வரன் அண்ணன் ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குக் கிளம்புனப்ப வாசல்ல நின்னு மொத்தக் குடும்பமும் 'போயிட்டு வா, போயிட்டு வா'ன்னு பதினோரு தடவ சொல்லுச்சு. நான் எண்ணுனேன். ஆறு வருசமாச்சு. வந்தாரா? திரும்பி வராதவங்களுக்குத்தான் அந்த வார்த்தையை அதிகமாச் செலவு பண்றாங்க.

— நான் பெர்த்துக்குப் போகலடா. பினாங்கு. ஒரு ராத்திரி பஸ்.

— எல்லாரும் மொதல்ல அப்படித்தான் கிலோமீட்டர் கணக்கு சொல்வாங்க.

— பவன், எனக்கு வேலைக் கடிதம் வந்தது மார்ச்சுல.

— தெரியும். கேக் வெட்டுனோம்.

— நீ மொத பட்டர் வாங்குனதும் மார்ச்சுல. அது வரைக்கும் என் ஊதாவை ஓசி வாங்கித்தான் எறிஞ்ச.

— தற்செயல்.

— இன்னைக்கு ஜெயிச்சா நவம்பர்ல தேசியப் போட்டி. ஜோடியா ஆடணும். பயிற்சிக்கு மாசம் ரெண்டு தடவ நான் பினாங்குலேர்ந்து இறங்கி வந்தாகணும்.

— வந்தாகணும். விதி அப்படி. நானா எழுதுனேன்?

— தோத்தா வர வேணாம்.

— தோக்க மாட்டோம். எட்டாவது பட்டர் இருக்கு.

— அதுக்குத்தான் எட்டு வாங்குனியா?

— அக்கா, மழை விட்டுருச்சு. முகூர்த்தம் வந்துருச்சு. பையைத் திறக்கிறேன். தள்ளி நில்லு, நிழல் விழுது.

— திற.

— திறந்தாச்சு. என்னது இது, பை அடியெல்லாம் வழவழங்குது? மழைத்தண்ணி இப்படி இருக்காதே.

— மஞ்சளாவும் இருக்காது.

— அக்கா.

— என்ன?

— பேப்பர் நனைஞ்சிருக்கு. டப்பா. வட்ட டப்பா. மூடியில பசு மாடு படம் போட்டிருக்கு.

— அலாமாக்! நான் நினைச்சேன், ஃபிரிஜ்ஜுன்னு சொன்னதுமே நினைச்சேன்!

— சிரிக்காத. கம்பெனிச் சின்னமா இருக்கும்.

— 'உப்புக் கலந்தது'ன்னு போட்டிருக்குடா! மூடி வாயைத் திறந்துக்கிட்டிருக்கு, பாதிதான் உள்ள இருக்கு!

— நான் தெளிவாத் தமிழ்லதானே எழுதினேன். பட்டர். ப. ட். ட. ர்.

— பாட்டுல வர்ற ப-வா, பஸ்ல வர்ற ப-வா? தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே, செயலாளரே! போன மாசம் அத்தை வந்தப்ப உம்பாய் மீன் கடையில வெண்ணெயில பொரிச்ச இறால் ஒரு தட்டை ஒண்டியா நீ காலி பண்ணுன. பையன் ஆசைப்படுறான்னு நினைச்சிருப்பாங்க. 'மென்மையா இருக்கணும், உருகக் கூடாது'ன்னு வேற எழுதியிருக்க! ஐயோ, வயிறு வலிக்குது.

— இது என் பிழை இல்ல. எழுத்தோட பெருந்தன்மை.

— சரி, செவப்பை எடு. பழகின தட்டுதானே.

— செவப்பு வழுக்குது.

— மஞ்சள்?

— மஞ்சளும். ஏழும் குளிச்சு எழுந்திருக்கு. காலையிலேர்ந்து வெயில்ல நடந்தோம்ல, எல்லாம் ஒரே அறையில இருந்திருக்கு.

— துண்டு வச்சுத் துடை.

— துண்டும் அதே பைக்குள்ளதான். பிழிஞ்சா ஒரு ரொட்டிக்கு ஆகும்.

— தம்பி! ஹோர்ன் அடிச்சாச்சு! குறிக்கு வாரும்!

— வரேன் அங்கிள்! அக்கா, கையைப் பாரு. கையும் போச்சு.

— நீட்டு. நீட்டுடா. இந்தா, விபூதி. பிரயாணத்துக்குன்னு அம்மா மடிச்சுக் குடுத்தது. நல்லாத் தேய், விரல் இடுக்கெல்லாம்.

— அங்கிள், விபூதி பூசலாமா?

— பொறும், விதிப் புத்தகத்தைப் பாக்கிறன். கைக்குத் தூள் பூசலாம் எண்டு கிடக்கு. என்ன தூள் எண்டு எழுதேல்லை. நெத்தியிலையும் கொஞ்சம் பூசும், இப்ப உமக்கு அதுதான் தேவை.

— கை காஞ்சிருச்சா? இப்ப இதைப் பிடி.

— உன் ஊதாவா?

— வேற எது? என் இடுப்புப் பையில தனியா இருந்துச்சு. காஞ்சு கிடக்கு.

— இது என் பட்டர் இல்ல.

— ஆமா, உனக்கு விதிச்சது டப்பாவுல இருக்கு. அதை எறியுறியா?

— எறிவேன். கொள்கைக்காக எறிவேன். நகுலன் சிரிச்சா சிரிக்கட்டும்.

— பவன்.

— என்ன?

— நீ மார்ச்சுலேர்ந்து இதை எங்க மறைச்சு வச்சாலும் தேடி எடுத்து, நான் இல்லாதப்ப பின்னாடி செம்பனைக்குள்ள எறிஞ்சு பழகுன. எனக்குத் தெரியும். விளிம்புல புது மண்ணு இருக்கும்.

— ஒப்பிட்டுப் பார்க்க. ஆராய்ச்சிக்கு.

— ஆராய்ச்சி என்ன சொல்லுச்சு?

— இன்னும் வெளியிடல.

— தம்பி, குறியிலை நிண்டிட்டீர். நேரம் தொடங்குது.

— நகுலன், சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிடு, அப்புறம் உனக்கு நேரம் கிடைக்காது! அக்கா, நீ பின்னாடி நில்லு. என் காதுகிட்ட எதுவும் முணுமுணுக்காத.

— நான் ஒண்ணும் சொல்லல. நீயும் சொல்லாத. பௌதிகம் பார்த்துக்கும்.

— பார்த்துக்கும்.

— பத்து செக்கன் போட்டுது.

— சொரசொரப்பு நல்லாத்தான் இருக்கு. சுண்டு விரலும் வாயைத் திறக்கல.

— பேசாம எறிடா!

— இருபது.

— எறியுறேன். பினாங்கு பஸ்ல ஏசி அதிகமா இருக்கும், ஸ்வெட்டர் எடுத்தியா?

— எடுத்தேன்! எறி!

— இருபத்தைஞ்சு, தம்பி. இருபத்தாறு.

— போயிட்டு வா.

— சங்கிலி! சங்கிலி பிடிச்சிட்டுது! ஆடுது... நிண்டிட்டுது. உள்ளுக்குத்தான்! எழுதிக்கொள்ளுங்கோ, மலர்விழியும் பவனும்!

— டேய்! டேய் பவன்! உள்ள நிக்குதுடா! நீ அதுகிட்டப் பேசின! 'போயிட்டு வா'ன்னு சொன்ன, என் காதால கேட்டேன், அங்கிளும் கேட்டாரு! என் தட்டுகிட்டப் பேசினியாடா நீ?

— தட்டுகிட்ட யாருக்கா பேசினா? மணி அஞ்சாகப் போகுது. உன் பெட்டியை நான் தூக்குறேன், நட.