தண்ணி ஓடும் பெட்டி

அன்று மாடி அறையில் இருந்தவர்கள்:
அண்ணன் - தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.
தம்பி - அந்தக் கடையில் கூட நின்று வேலை பழகியவன். மாடி அறை அவனுடையது.
அண்ணி - அண்ணனின் மனைவி. வேடிக்கை பார்க்க வந்தவர்.
மேசை மேல், பக்கக் கண்ணாடி கழற்றிய ஒரு கம்ப்யூட்டர்.

அண்ணி: இரு இரு... கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா? நெஜமாவே ஊத்தப் போறியா?

தம்பி: இந்தத் தொட்டியில ஊத்தினா பம்பு இழுத்துக்கும் அண்ணி. சூடாகுற சிப்பு மேல செம்புக் கட்டி ஒண்ணு உக்காந்திருக்குல்ல, அதுக்குள்ள போய் சூட்டை வாங்கிட்டு மேல ரேடியேட்டருக்குப் போகும். ஆறினதும் திரும்ப இங்கயே வரும்.

அண்ணன்: காரு மாதிரின்னு ஒரே வார்த்தையில சொல்லேன். பாடம் நடத்துறான்.

அண்ணி: காரு ரோட்டுல ஓடுது. இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?

தம்பி: விசிறிச் சத்தம் குறையும். நம்ம கடைக்கு வர்ற பாட்டுக்காரருக்குத்தான் இது, அவர் வீட்டுல மைக்கு வச்சுப் பாடுறாங்க. விசிறி இரைச்சலும் சேர்ந்து பதிவாகுதாம்.

அண்ணன்: அவருக்கு எத்தனை மெஷின் கட்டிக் குடுத்திருக்கேன். அப்பல்லாம் கேக்காத இரைச்சல்...

தம்பி: உன்கிட்டதான் முதல்ல கேட்டாரு. நீதான் தண்ணியெல்லாம் நம்ம வேலை இல்லன்னு...

அண்ணன்: சொன்னேன். சொன்னேன்தான். அதுக்காக? இப்ப போன் எடுத்தா, நான் வணக்கம் சொல்றதுக்குள்ள 'தம்பி இருக்காரா'ங்கறாரு.

அண்ணி: அதான் சோறு எறங்கலையா.

அண்ணன்: நீ சும்மா இரு.

அண்ணி: இது நல்லா ஓடினா அவர் ஸ்டுடியோ மெஷின் மொத்தத்தையும் இவன்கிட்டயே ஒப்படைக்கறதா சொன்னாராமே. அப்புறம் என்ன, தனிக் கடையே போட்டுடலாம்.

அண்ணன்: ஓடினாத்தானே.

அண்ணி: வாயக் கழுவுங்க.

அண்ணன்: ஸ்க்ரூ டிரைவர எந்தப் பக்கம் பிடிக்கணும்னு இவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான். அத எவனும் கேக்கறதில்ல. இந்தக் குழாயெல்லாம் யாரு வளைச்சுக் குடுத்தா?

தம்பி: நானேதான். உள்ள ரப்பர் கயிறு விட்டு, சூடு காட்டி வளைச்சேன். பாழாப்போனதெல்லாம் அந்த மூலையில கெடக்கு.

அண்ணன்: ம்... பாழாப்போனதே ஒரு மெஷினுக்கு ஆகும் போல.

அண்ணி: நல்லா வளைச்சிருக்கான்னு சொல்ல வாய் வரல பாரு.

அண்ணன்: அழகு சோறு போடுமா?

தம்பி: சரி, ஊத்தியாச்சு. இப்ப பம்ப மட்டும் ஓட விடணும். மத்த எதுக்கும் கரண்டு கூடாது. ஒவ்வொரு குழாய் மூட்டுக்கும் கீழ டிஷ்யூ பேப்பர் வச்சிருக்கேன். நாளைக்கு வரைக்கும் நனையலன்னா அப்புறம் முழுசா ஆன் பண்ணலாம்.

அண்ணன்: நாளைக்கா? பயந்தாங்கொள்ளி. நேராப் போடு.

தம்பி: ஒரு சொட்டு கீழ இருக்கற சர்க்யூட் கார்டு மேல விழுந்தா மொத்தமும் போச்சு அண்ணே.

அண்ணன்: அப்ப உன் கை மேல உனக்கே நம்பிக்கை இல்ல.

தம்பி: என் கை மேல இருக்கு...

அண்ணன்: என்ன இழுக்குற?

தம்பி: காலைல நான் குளிக்கப் போனப்ப ரூமு தெறந்தே கெடந்துச்சு. யாராச்சும் இதுல கை வச்சீங்களா?

அண்ணன்: யாரு வைப்பா.

அண்ணி: காலைல நீங்கதானே மாடிக்கு...

அண்ணன்: துணி காயப்போட.

அண்ணி: துணியா. நீங்களா.

அண்ணன்: ஏன், நான் போடக்கூடாதா?

அண்ணி: கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கொடி எந்தப் பக்கம் கட்டியிருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?

தம்பி: விடுங்க அண்ணி. அண்ணே, கை வச்சிருந்தா இப்பவே சொல்லிடு. ஒண்ணும் சொல்ல மாட்டேன். எல்லா மூட்டையும் இன்னொரு தடவை பாத்துக்கறேன், அவ்வளவுதான்.

அண்ணன்: ...வைக்கல.

தம்பி: இதெல்லாம் கையாலதான் முறுக்கணும். ஸ்பேனர் போட்டா உள்ள இருக்கற ரப்பர் வளையம் நசுங்கிடும்.

அண்ணன்: தெரியும்டா. எனக்கே பாடமா?

தம்பி: அப்ப நேராப் போடட்டுமா? எல்லாத்துக்கும் கரண்டு குடுத்து?

அண்ணி: வேணாம்ப்பா. நாளைக்கே போடு.

தம்பி: அண்ணன் சொல்லட்டும். போடட்டுமா அண்ணே?

அண்ணன்: போடு.

அண்ணி: ...ஏய், ஓடுது. குமிழி குமிழியா ஓடுது பாரு. சத்தமே இல்லையே. என்னங்க, சத்தமே... ஐயோ, அங்க சொட்டுது. கார்டு மேல சொட்டுது. நிறுத்துடா.

தம்பி: நிறுத்தியாச்சு.

அண்ணன்: ஆழம் தெரியாம காலை விடாதன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?

அண்ணி: நீங்க எங்க அடிச்சுக்கிட்டீங்க? போடு போடுன்னுதானே... பாவம், வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச மாதிரி ஆயிடுச்சு அவனுக்கு.

அண்ணன்: போகட்டும் விடு. பாட்டுக்காரர்கிட்ட நானே பேசறேன். கத்துக்குட்டி, ஆசைப்பட்டுட்டான்னு சொல்லிக்கறேன். இனிமே அவர் வேலைய நானே பாத்துக்கறேன். நீ பழையபடி கடைக்கு வந்துடு.

தம்பி: எந்த மூட்டுன்னு பாக்க வேணாமா?

அண்ணன்: எதுவா இருந்தா என்ன இப்ப.

தம்பி: தோ... இதான். ஸ்பேனர் வாயி பதிஞ்சு தடம் விழுந்திருக்கு. வளையம் வெட்டுப்பட்டுக் கெடக்கு.

அண்ணி: என்னங்க...

அண்ணன்: லொடலொடன்னு இருந்துச்சுடா. சரி, ஒரு முறுக்கு முறுக்கி விடுவோம்னு... நல்லதுக்குத்தான்...

தம்பி: நல்லதுக்குன்னா கேட்டப்பவே சொல்லியிருப்ப. போன மாசம் நான் முடிச்சு வச்ச பிரிண்டர் ஸ்க்ரூ கழண்டு திரும்பி வந்துச்சே, அதுவும் நல்லதுக்குத்தானா?

அண்ணன்: அத ஏன் இப்ப இழுக்கற? மெஷின் போச்சு. பாட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்லப் போற, அதச் சொல்லு.

தம்பி: ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. தரையெல்லாம் ஈரம், தொடைக்கணும். அண்ணி, படி வழுக்கும், பாத்து.

அண்ணன்: கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.

தம்பி: அவர் மெஷின அவர் வீட்டுலயே உக்காந்து கட்டிக் குடுத்துட்டேன். போன வாரத்துலேர்ந்து ஓடிட்டிருக்கு. இது உன்னச் சோதிக்கன்னே கட்டினது; இதுல ஓடினது பம்பும் விசிறியும் மட்டும்தான், வேற எதுக்கும் கரண்டே குடுக்கல. இந்த போர்டும் கார்டும் நீயே செத்துப்போச்சுன்னு சொல்லி நம்ம கடைக் குப்பையில தூக்கிப் போட்டது. இத்தனை வருஷம் ரிப்பேர் பாத்தவன், பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருக்கணும். நீ குழாயத் தவிர ஒண்ணையும் பாக்கல. கைய எடு அண்ணே, கதவுல நசுங்கிடும்.

(கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.)