வீடு திரும்பும் எட்டு கிலோமீட்டர்

பேச்சை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவைத்து, உங்களுக்கு ஒரு கதை சொல்லிவிடுகிறேன்... பயப்படாதீர்கள், நீளமில்லை. எட்டு கிலோமீட்டர்தான்.

ஆரோக்கியநாதன் என்று ஒருவர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். நாகப்பட்டினத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு மாற்றலாகி வந்தார். வெயிலோ மழையோ, வருஷம் முழுக்க சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். அவ்வளவுதான்.

அவர் மனைவி ரெஜினா நர்ஸ். இரவுப் பணி. சாயங்காலம் ஆறரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஐந்து வயதில் ஒரு மகள், இன்பா. புது ஊர்... தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆக, அம்மா வாசலைத் தாண்டும்போது அப்பா வீட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால்? குழந்தை தனியாக.

வீடு தேடும்போது ரெஜினா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தண்ணி வருதா, காத்து வருதான்னு நான் கேக்கல. நான் கிளம்புறப்ப நீங்க வீட்ல இருப்பீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அளக்கிறவர் இல்லையா? ஒரு நோட்டை எடுத்தார். ஊருக்கு மேற்கே ஒரு பகுதி, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று. மூன்றுமே அலுவலகத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். அது ஆடி மாதம். காலையில் மினி பஸ் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அந்தப் பகுதிக்குப் போவார். அங்கே இறங்கி, அலுவலகத்துக்கு மிதிப்பார். போகும்போதே ஏன் மிதிக்கவில்லை? களைப்பில்லாமல் அளந்தால்தான் கணக்கு சரியாக இருக்குமாம்!

மேற்கே... இருபத்துநான்கு நிமிடம். கிழக்கே... நாற்பத்தொன்று. தெற்கே முப்பது. ஆனால் ஒரு வளைவில் நாய்கள், நான்கு. அந்த வழியை நோட்டிலேயே அடித்துவிட்டார்.

மேற்கு வழி அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கால் தானாகச் சுற்றுகிறது, சாலை அப்படி என்று ரெஜினாவிடம் சொன்னார். ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் விட்டால் ஆறேகாலுக்குள் வீடு. வெள்ளிக்கிழமை மாலை வந்து முன்பணம் தருவதாக மேற்கு வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் மனசு கேட்காமல் இன்னொரு முறை அளக்கப் போனார். அங்கே டீக்கடையில், மில்லுக்குப் போகிற ஒரு பெண், கண்ணாத்தாள் என்று பெயர், சைக்கிளைப் பிடித்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக அதே சாலையில் மிதிக்கிறவர். நம் ஆள் பெருமையாக நோட்டை வாசித்துக் காட்டினார். அந்த அம்மா எட்டிப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டச் சொன்னார். இன்னொரு பக்கம்... இன்னொரு பக்கம்...

"ஏனுங் சார், எல்லாமே ஆபீசுக்குப் போறதாவே இருக்குதுங்களே. ஊடு திரும்புனது எங்கீங் இருக்குது?"

திரும்பினாலும் அதே எட்டு கிலோமீட்டர்தானே என்றார் இவர்.

"தூரம் அதேதானுங். காத்து அதே பக்கமிருந்துதானுங் அடிக்கும். காலையில முதுகுல கை வெச்சுத் தள்ளும்... பொழுதோட நெஞ்சுல கை வெச்சுத் தள்ளும். வைகாசியில புடிச்சா புரட்டாசி வரைக்கும் உடாதுங். காத்து மிதிச்சுதுங்... நீங்க நோட்டுல உங்க பேரை எழுதிட்டீங்."

கேட்டீர்களா? ஒன்பது வருஷப் படிப்பு!

அன்று மாலை முன்பணத்தோடு கிளம்பியவர் பஸ்ஸில் ஏறவில்லை. ஐந்தே முக்காலுக்கு அலுவலக வாசலிலிருந்து மேற்கே மிதித்தார். மேற்கு மலைக் கணவாய் வழியாக வரும் காற்று, காலையைவிடப் பலமாக எதிரே வந்தது. குனிந்து மிதித்தார்... இறங்கித் தள்ளினார்... மறுபடி ஏறினார். இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது எதிரே ஒரு பஸ் வந்து அவரைத் தாண்டிப் போனது. மணி பார்த்தார். அது ஆறரை பஸ்.

அன்று அதில் ரெஜினா இல்லை. அடுத்த வாரத்திலிருந்து இருந்திருப்பார். வீட்டில் இன்பா... யாரோடு?

சாலையோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். பையைத் தொட்டுப் பார்த்தார். தப்பித்தார். முன்பணம் இன்னும் சட்டைப் பையிலேயே இருக்கிறதே!

மேற்கு வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். வீடு பிடித்தது கிழக்கே. காலையில் நாற்பத்தொரு நிமிடம், எதிர்க்காற்று, சட்டை நனைந்துவிடும். கைப்பையில் மாற்றுச் சட்டை ஒன்று. ஆனால் மாலையில்? இருபத்தொரு நிமிடம். முதல் நாள் அவர் வாசலில் இறங்கியபோது ரெஜினா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் இரண்டு டீ போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

நோட்டில் அன்று எழுதினாராம்: திரும்ப, இருபத்தொன்று. டீ, பத்து.

அன்பான குடும்பங்களே... ஒரு வேலையைத் தேடும்போது, பதவியைத் தேடும்போது நாம் என்ன கேட்கிறோம்? எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரலாம்? அதைத்தானே கேட்கிறோம்? சாயங்காலம் வீட்டுக்கு வர மூச்சு மிச்சமிருக்குமா என்று கேட்கிறோமா? வரும்போது குழந்தை விழித்திருக்குமா என்று கேட்கிறோமா?

உங்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. முப்பத்தாறு வருஷம் நானும் காலை நேரத்தை மட்டுமே அளந்தவன். நான் சொல்வது முழுக்கச் சரிதானா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. போகிற வழியை அளந்த நோட்டிலேயே திரும்புகிற வழிக்கும் ஒரு பக்கம் விடுங்கள். ஒரு சாயங்காலம் மிதித்துப் பாருங்கள். வழி தவறென்று தெரிந்தால் கலங்காதீர்கள்...

சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும், முன்பணம் இன்னும் அங்கேயேதான் இருக்கும்.