லெவல் மட்டும் சரியா இருந்துச்சு

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, ரேடியோ ஸ்டேஷன்ல எவளாவது மைக்குக்கு முன்னாடி உக்காந்து பிஸ்கட் கடிப்பாளா? இந்தப் படத்துல கதாநாயகி கடிக்கிறா. நறுக் நறுக்னு. அது ஒலிபரப்புல போச்சுன்னா மறுநாள் கடுதாசி மூட்டையா வந்து விழும். இடைவேளை விடுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்... சரி, கொஞ்சம் முணுமுணுத்தேன், ஒத்துக்கிறேன். முன்வரிசை அம்மா ரெண்டு தடவை திரும்பி முறைச்சாங்க. என்ன பண்றது, தொழில் தெரிஞ்சவன் பக்கத்துல சீட்டு கிடைச்சா அப்படித்தான்.

நான் ரேடியோலதான் சார் இருக்கேன். பத்தொம்பது வருஷம். பேசுற ஆள் இல்ல... பேசுறவங்களுக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து சத்தத்தை ஏத்தி இறக்குற ஆள். படத்துல ஹீரோவுக்கும் அதே வேலைதான். அவன் எங்க பண்றான்? கன்னத்துல கையை வச்சுக்கிட்டு அவளையே பாத்துக்கிட்டிருக்கான். அவ மைக்ல உருகிப் பேசுறா, இவன் கண்ல தண்ணி. அப்ப முள்ளை யாரு பாக்குறது? அப்புறம் ஒலிபரப்பு ஓடுதுன்னு கதவுக்கு மேல சிவப்பு விளக்கு எரியுது, இவன் பாட்டுக்குப் பூங்கொத்தோட உள்ள நுழையுறான். எங்க மேனேஜரா இருந்தா அந்தப் பூங்கொத்தாலயே ரெண்டு போட்டிருப்பாரு.

எந்த முள்ளா? மீட்டர் முள்ளு சார். மேஜை மேல இருக்கும். பேசப் பேச ஆடும். அடிச்சுப் பேசுனா சிவப்புக் கோட்டுக்குப் போயிடும், உடனே குமிழைத் திருகி இறக்கணும். குசுகுசுன்னு பேசுனா ஏத்தணும். அவ்வளவுதான் வேலை, ஆனா கண்ணை எடுக்கக் கூடாது. இத்தனை வருஷத்துல கேட்ட பேச்சுல ஒரு வாக்கியம் சொல்லுன்னா தெரியாது. வார்த்தை எதுவும் உள்ள போறதே இல்ல, சத்தம் மட்டும்தான். ஒரு டாக்டர் வாராவாரம் வந்து முதுகுவலியைப் பத்தி அரைமணி நேரம் பேசுவாரு. ஆறு வருஷமா பேசுறாரு. எனக்கு முதுகுவலி வந்தப்ப நேரா அவர்கிட்டயே போய், இதுக்கு என்ன பண்ணணும்னு கேட்டேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

உக்காருங்க சார், இப்ப வெளிய போனா முழங்கை இடிதான். கூட்டம் குறையட்டும்.

இந்தப் படத்துக்கு வந்ததே தப்பு. மனசு சரியில்லன்னு வந்தேன். வந்த இடத்துலயும் ரேடியோ, வந்த இடத்துலயும் கண்ணாடி... கடுப்பா இருக்காதா?

எங்க ஸ்டேஷன்ல மத்தியான நிகழ்ச்சி பண்றவங்க ஒருத்தங்க. நேயர் கடுதாசி படிச்சு, கேட்ட பாட்டைப் போட்டு, ஒரு மணி நேரம். எட்டு வருஷமா அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ரெண்டு பேருக்கும் நாப்பது ஆகப் போகுது. எங்க அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போச்சு, 'எதிர்லயே உக்காந்திருக்காளேடா, நீ ஊரெல்லாம் யாரைத் தேடுற'ன்னு. சரின்னு, மூணு வாரத்துக்கு முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை... பாட்டு லிஸ்ட் தினமும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அதுல கடைசிப் பாட்டுக்குக் கீழ, 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமா'ன்னு எழுதிட்டேன். கையெழுத்து கோழி கிளறுன மாதிரி. அவ படிச்சா. மடிச்சுக் கைப்பையில வச்சா. 'நாளைக்கு மத்தியானம் சொல்றேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா.

எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போய் உக்காந்தேன். நிகழ்ச்சி முடிஞ்சதும் சொல்லுவான்னு. அன்னைக்குன்னு பாத்து அவ குரல் ஒரு நிலையில இல்ல சார். முள்ளு குதியா குதிக்குது. கடைசியில மைக்கைத் தின்னுடற மாதிரி கிட்ட வந்துட்டா. முள்ளு சிவப்புல போய் ஒட்டிக்கிச்சு. டக்குனு இறக்குனேன். மறுபடியும் கிட்ட வந்தா, மறுபடியும் இறக்குனேன். வேற ஒருத்தனா இருந்தா கரகரன்னு போயிருக்கும். சத்தத்தோட லெவல் ஒரு துளி பிசகல.

முடிச்சுட்டு வெளிய வந்து நின்னா. என் மூஞ்சியையே பாக்குறா. கண்ணு பளபளன்னு இருக்கு. நானும் சொல்லட்டும் சொல்லட்டும்னு பாக்குறேன்... வாயே திறக்கல. எவ்வளவு நேரம் சும்மா நிக்கிறது? 'கொஞ்சம் தள்ளி உக்காந்து பேசக் கூடாதா, ரெண்டு தடவை சிவப்புல போயிடுச்சு'ன்னேன்.

தப்பா சார் அது? வேலைன்னா வேலைதானே.

கைப்பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இன்னொரு ஊர் ஸ்டேஷனுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்து, அதுவும் வந்தாச்சு. ஆபீஸ்ல இருக்கிறவங்களாவது ஒழுங்கா இருக்காங்களா? புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலம் வாட்ச்மேன் ஓடி வந்து கை குலுக்குறாரு. செய்தி வாசிக்கிறவரு கட்டிப் பிடிச்சுக்கிறாரு. பத்தொம்பது வருஷம் முடிச்சதுக்குப் போலன்னு நானும் நன்றி சொன்னேன். ரெண்டே நாள்... அவ என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறதைப் பாத்துட்டு, கட்டிப் பிடிச்ச அதே மனுஷன் 'நீயெல்லாம் ஒரு ஆளாய்யா'ங்கிறாரு. கேட்டவன் நான். பதில் சொல்லாதவ அவ. திட்டு மட்டும் எனக்கு. இன்னைக்கு நாலு மணிக்கு அவளுக்கு வழியனுப்பு விழா. மாலை, கேக்கு, குரூப் போட்டோ. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல சார். லீவு போட்டுட்டு இங்க வந்து இருட்டுல உக்காந்துட்டேன்.

என்ன சார், அப்படிப் பாக்குறீங்க?

...உங்களுக்குத் தையல் கடையா? சரி. மத்தியானத்துல ரேடியோ ஓடிக்கிட்டே இருக்குமா, சந்தோஷம்... எங்க நிகழ்ச்சியேதானா? ...ஆமா, அது புதன்கிழமைதான். உங்களுக்கு எப்படி... இருங்க. மெதுவாச் சொல்லுங்க.

கடுதாசி படிக்கிற மாதிரியே ஆரம்பிச்சாளா. 'பாட்டு லிஸ்டுக்குக் கீழ ஒரு நேயர் கேட்டிருக்காரு'ன்னா... என் பேரைச் சொல்லல? ...'கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு வருஷமா உக்காந்திருக்கிற நேயர்'.

ஐயையோ.

சம்மதம்னா சொன்னா? ரெண்டு தடவையா?

...அந்த இடத்துல சத்தம் கம்மியாப் போச்சா. ஆமாண்ணே. அது நான்தான். மெஷினை நிறுத்திட்டு ரேடியோகிட்டப் போய்க் காதை வச்சுக் கேட்டீங்களா. எத்தனை பேரு கடையில? ஆறு பேருமா? கை வேற தட்டுனீங்களா... அப்ப வாட்ச்மேன் கை குலுக்குனது... ஊருக்கே தெரிஞ்சிருக்குண்ணே. ஊரறியச் சொல்லிட்டு வந்து, நான் என்ன சொல்லப் போறேன்னு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கா. நான் தள்ளி உக்காருன்னு சொல்லியிருக்கேன்.

மணி என்னண்ணே? மூணே முக்காலா. ஸ்டேஷன் ரெண்டு தெருதான், ஓடுனா புடிச்சிடலாம். காலைக் கொஞ்சம் மடக்குங்க. படமா? அது கிடக்குது, நல்ல படம்தான், நீங்க பாருங்க.

அண்ணே, ஒண்ணே ஒண்ணு. சம்மதம்னு சொன்னப்ப அவ குரல் எப்படி இருந்துச்சு? ...இல்லண்ணே, லெவல் கேக்கல. சந்தோஷமா இருந்தாளா? ...லேசா நடுங்குச்சா.

நீங்க ஆறு பேரும் கேட்டுட்டீங்க. என்கிட்ட இன்னொரு தடவை சொல்லுவாளான்னு தெரியல. வழி விடுங்கண்ணே.