உறுதி செய்ய இயலவில்லை

நான் மதியச் சாப்பாட்டை எப்போதுமே தாமதமாகத்தான் சாப்பிடுவேன், மேடம். எங்கள் பிரிவில் எல்லாரும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போன பிறகும், நான் மட்டும் காதில் போனை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். "கடமையே கண்ணா இருக்காருய்யா மனுஷன்" என்று பக்கத்துச் சீட்டுக்காரர் சொல்வார். அவர் நல்லவர். இதில் அவருக்குச் சம்பந்தம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். ஒரு கம்பெனி யாரையாவது வேலைக்கு எடுப்பதற்கு முன், அவர் படித்ததாகச் சொல்வது உண்மையா என்று பார்க்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பும். நாங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து கேட்போம். உண்மையாக இருந்தால் 'சரி'. பொய்யாக இருந்தால் 'தவறு'. மூன்று நாள் கூப்பிட்டும் யாரும் எடுக்காவிட்டால் 'உறுதி செய்ய இயலவில்லை'. இந்தக் கடைசிச் சொல்லில் யார்மேலும் பழி இல்லை. கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்தால் வந்தவரிடம் "அப்புறம் சொல்றோம்" என்பார்கள், அவ்வளவுதான்.

தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்வது சுகமான அனுபவம். உடனே எடுப்பார்கள். கொஞ்சம் இசை வரும், ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லும், கேட்ட பெயரை நின்ற நிலையிலேயே உறுதி செய்யும். சோதித்துப் பார்க்கலாமே என்று ஒருமுறை என் பெயரையே சொன்னேன். நான் முதல் வகுப்பில் தேறியிருந்தேன்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தாலும் "அந்த செக்‌ஷன் ஆள் இன்னைக்கு லீவுங்க" என்பார்கள். ஆனால் காலையில் பொறுமையாகக் காத்திருந்தால் எப்படியும் ஒருவர் எடுத்து, தேடிப் பார்த்து, அலுத்துக்கொண்டே சரியான பதிலைச் சொல்லிவிடுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்த அறையில் ஈ காக்கை இருக்காது.

அதனால் அரசுப் பல்கலைக்கழகத்துக் கோப்பு என்றாலே எங்கள் ஆட்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். அவற்றையெல்லாம் நானே வாங்கிக்கொண்டேன். எல்லாரும் மனமார நன்றி சொன்னார்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தாள். மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுத்தார்கள், பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு வந்தாள். அவள் படித்து முடித்ததே எங்களுக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லலாம். இளையவனைத் தனியாரில் சேர்க்கக் குடியிருந்த வீட்டை விற்றேன். அந்தப் பல்கலைக்கழகத்து வாசலில் ஒரு நீரூற்று இருக்கிறது. அதைப் பார்த்து மயங்கித்தான் நான் பேனாவை எடுத்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அது முழுக்க உண்மையில்லை.

மகள் மேற்படிப்பையும் முடித்ததால் இருவரும் ஒரே நேரத்தில் வேலை தேடத் தொடங்கினார்கள். அப்போது ஒருநாள், வாடகை வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, தன் அண்ணனை வைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்:

"பொண்ணு ஓசியிலயே படிச்சு முடிச்சிட்டா. பையனுக்கு வீடே போச்சு. யாருக்கு முதல்ல வேலை கிடைக்குதுன்னு பாத்துட்டு மத்ததைப் பேசிக்கலாம்."

மைத்துனர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு நான் செய்ததற்கு வேறு காரணம் எதையும் நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

சில நாளில் மகளின் கோப்பு என் மேஜைக்கே வந்தது. சொந்தக்காரர்களின் கோப்பைத் தொடக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்துக் கோப்பை வேறு யார் தலையில் கட்டுவது? மூன்று நாள் மதியமும் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. அதைத்தான் எழுதினேன். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

மகனின் கோப்பு பக்கத்துச் சீட்டுக்காரருக்குப் போனது. டீ ஆறுவதற்குள் அவர் 'சரி' போட்டுவிட்டார். மகனுக்குக் கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை. அங்கே என்ன செய்கிறான் என்பது அவனுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அவன் வேலையில் சேர்ந்த அன்று மைத்துனரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் சிரிக்காமல் சாப்பிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மகள் விடவில்லையே. அவள் வேறு வேறு கம்பெனிகளுக்குப் போனாள், நேர்முகத்தில் எல்லா இடத்திலும் முதலாவதாக வந்தாள். அந்தக் கோப்புகளும் என்னிடமே வந்தன. ஒருத்திக்கு மட்டும் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். எல்லாருக்கும் நடந்தால் யார் கண்ணையும் உறுத்தாது. ஆகவே அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த அத்தனை பேருக்கும் நான் மதியத்தில்தான் போன் செய்தேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, யார்மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரே ஒருவன் மட்டும் எப்படியோ விலாசம் கண்டுபிடித்து எங்கள் வரவேற்பறைக்கு வந்தான்.

"சார், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டே கொண்டுவந்திருக்கேன். ஒரு தடவை பாத்துடுங்க சார்."

"நாங்க சர்ட்டிஃபிகேட் பாக்கறதில்ல தம்பி. போன்லதான் கேப்போம்."

அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

வருடக் கடைசியில், இந்தக் கோப்புகளின் முடிவுகளையெல்லாம் கூட்டி, நம் நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. உங்களுக்கு நினைவிருக்கும். தனியாரில் படித்தவர்களுக்கே வேலை, அரசில் படித்தவர்கள் பின்தங்குகிறார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. ஒரு பேராசிரியர் டிவியில் தோன்றி, அரசு மாணவர்களுக்கு நிமிர்ந்து பார்த்துப் பேச வரவில்லை என்று காரணம் சொன்னார். அவர் பேச்சில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தனியார் பல்கலைக்கழகத்தில் கூட்டம் அலைமோதி, இரண்டாவது நீரூற்றும் கட்டினார்கள். மைத்துனர் தன் மகளை அங்கே சேர்க்கத் தன் வீட்டை விற்றார். நல்ல தரகராகப் பார்த்து நான்தான் ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் மனைவி படித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மகள் மட்டும் வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள்.

"அப்பா, இதுல ஏதோ இடிக்குது. எந்தக் கணக்கும் இவ்வளவு சீரா வராது."

அவள் வகுப்பில் முதலாவதாக வந்தது சும்மா இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"பெரியவங்க எழுதுனதும்மா. நமக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவள் இன்னொரு முறை படித்தாள். பிறகு, "நானும் அங்கயே படிச்சிருக்கணும்பா. தம்பிக்கு நீங்க பண்ணதுதான் சரி" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் முதன்முறையாக ஒருவர் என் பக்கம் பேசியிருக்கிறார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மனதைத் தளரவிடாதே என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் விண்ணப்பம் போடுவது குறைந்தது. தோழிகளிடம் பேசுவதும் நின்றது. காலையில் தம்பியின் சட்டையை அயர்ன் செய்து கொடுக்கிறாள். நன்றாகவே செய்கிறாள்.

நான் மாட்டிக்கொண்டது ஒரு மடத்தனத்தால். அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒரு குமாஸ்தா வந்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு வந்தவள் போனில் என் எண்ணைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டாள். அரசு அலுவலகம் ஒன்று திருப்பிக் கூப்பிடும் என்று இந்தத் தொழிலில் எவன் கனவு கண்டிருப்பான்?

"சார், தினமும் நாங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்தே கூப்பிடுறீங்களே, என்ன வேணும்?"

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் கூப்பிட்டாள், மறுபடி வைத்தேன். அதற்கடுத்த முறை நான் கை கழுவப் போயிருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் எடுத்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டார். அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

ஆக, மேடம், அத்தனை பேருடைய கோப்பிலும் 'உறுதி செய்ய இயலவில்லை' என்று தெரிந்தே எழுதியவன் நான்தான். என் மகளுடைய கோப்பில் ஒவ்வொரு முறையும் எழுதியவனும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் குறிப்பில் 'சொந்த மகளின் வாழ்க்கையைப் பாழாக்கியவர்' என்று ஒரு வரி இருக்கிறது. யாரையும் கேட்காமல் அப்படி எழுதுவது முறையில்லை. நான் எப்படிப்பட்ட அப்பா என்று அவளையே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டு எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். எந்த நேரத்திலும் கூப்பிடலாம், அவள் வீட்டில்தான் இருப்பாள்.